விலா வலி, குளிர் காய்ச்சல், நீர்க்கடுப்பு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இங்கே பர்மாவில் பங்குனி பிறந்து வெயில் ஏறத் தொடங்கியதும் நீர்க்கடுப்புக் கேள்விகள் வந்து குவிகின்றன. இந்த முறை வந்தவற்றில் சில வெறும் கடுப்பாகத் தெரியவில்லை, சிறுநீரகம் வரை ஏறிவிட்ட தொற்றாகவே தெரிந்தன. அவர்களுக்கு உடனே மருத்துவமனைக்குப் போகச் சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே பதில் எழுதுகிறேன்.

நான்கு நாளாக மூத்திரம் போகும்போது எரிச்சல், சொட்டுச் சொட்டாகப் போகிறது. நேற்று ராத்திரி உடம்பு தூக்கிப் போடுகிற மாதிரி குளிர் வந்தது. வலது பக்கம் முதுகில் வலி. அம்மா இது சூடு என்று சொல்லித் தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தார்கள். எனக்கு 34 வயது. (ரங்கூன்)

அம்மா வைத்த எண்ணெயால் கெடுதல் இல்லை. ஆனால் இது சூடு இல்லை, தொற்று. நம் குடலில் இருக்கும் ஈ.கோலை என்ற கிருமிதான் பெரும்பாலும் காரணம். அது வெளியிலிருந்து மூத்திரக் குழாய் வழியாக மூத்திரப் பைக்கு ஏறும். பெண்களுக்கு அந்தக் குழாயின் நீளம் சுமார் 4 செ.மீ.தான், ஆண்களுக்கு 20 செ.மீ. வரை இருக்கும். பெண்களுக்கு அடிக்கடி வருவதற்கு அது ஒரு காரணம்.

கிருமி பையோடு நின்றால் எரிச்சல், அடிவயிற்று வலி, அடிக்கடி போக வேண்டும் போலிருப்பது, இவ்வளவுதான். காய்ச்சல் இருக்காது. அங்கிருந்து சிறுநீரகத்துக்கு ஏறினால் நீங்கள் எழுதியிருப்பது அப்படியே நடக்கும்: 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல், பல் கிட்டும் குளிர், குமட்டல், வாந்தி, கடைசி விலா எலும்பு முதுகெலும்போடு சேரும் இடத்தில் ஒரு பக்க வலி. அந்த இடத்தை மருத்துவர் கையால் மெல்லத் தட்டினாலே நோயாளி துள்ளிவிடுவார்.

இன்றே போங்கள். வாயால் எதுவும் தங்காமல் வாந்தி வந்தாலோ, மூத்திரம் குறைந்துபோனாலோ, மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழறினாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. கிருமி ரத்தத்தில் பரவிவிட்டதற்கு அவை அடையாளமாக இருக்கலாம். காட்டுப் பக்கம் போய் வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். நம் நாட்டில் குளிர் காய்ச்சல் என்றால் மலேரியா பரிசோதனையும் சேர்த்துப் பார்ப்பதுதான் முறை.

இதே மாதிரிதான் எனக்கும் இருந்தது. மருந்துக் கடையில் கலந்து கொடுக்கும் பொட்டலம் இரண்டு வேளை சாப்பிட்டேன், காய்ச்சல் விட்டுவிட்டது. இனி டாக்டரைப் பார்க்க வேண்டுமா? (பெகு)

கட்டாயம் பார்க்க வேண்டும். உங்கள் கேள்விதான் எனக்கு மிகுந்த கவலை தந்தது.

அந்தப் பொட்டலம் எப்படி இருக்கும் என்று நமக்கெல்லாம் தெரியும். விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் உறை, உள்ளே வெள்ளையில் இரண்டு, மஞ்சளில் ஒன்று, பாதி சிவப்பு பாதி கறுப்பில் ஒரு கேப்சூல், கடுகு போல ஒரு பொடி மாத்திரை. எதிலும் பெயர் இருக்காது. அந்தப் பொடி மாத்திரை பல நேரம் ஸ்டீராய்டு. அது காய்ச்சலையும் வலியையும் அமுக்கும், கிருமியைக் கொல்லாது. சர்க்கரை உள்ளவருக்குச் சர்க்கரையை ஏற்றிவிடும். இன்னொன்று டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரையாக இருக்கலாம். வாந்தியும் காய்ச்சலுமாக நீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்தையே பாதிக்கும். கேப்சூல் ஆன்டிபயாட்டிக்காக இருந்தாலும் உங்கள் கிருமிக்குப் பொருந்துமா என்று தெரியாது. இரண்டு வேளையோடு நிறுத்தினால் தப்பிப் பிழைத்த கிருமி மறுபடி பெருகும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அக்காவை அவர் மகன் தோளில் சாய்த்தபடி கூட்டி வந்தார். நான்கு பொட்டலம் முடிந்து ஐந்தாம் நாள். மூத்திரத்தை கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, அனுப்பினோம். சாப்பிட்ட மருந்து பாதி வேலை செய்திருந்ததால் கிருமி வளரவில்லை. எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று தெரியாமல், ஊகித்தே ஊசி போட்டுப் பதினான்கு நாள் வைத்திருந்தோம். பிழைத்துக்கொண்டார். முதல் நாளே வந்திருந்தால் அதில் பாதி நாட்களிலேயே வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம்.

அதனால்தான் வருகிறவர்களிடமெல்லாம் நான் சொல்வது: முதல் மாத்திரைக்கு முன்னால் மூத்திரம் கொடுங்கள். கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதை லேப் கொடுக்கும் டப்பாவில் பிடியுங்கள். வீட்டு ஜாம் பாட்டில் வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்குள் லேப் போய்ச் சேர வேண்டும், முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வையுங்கள். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை மருத்துவர் ஒரு மருந்தைத் தொடங்கிவிடுவார், முடிவு வந்ததும் தேவைப்பட்டால் மாற்றுவார். மருந்தைப் பொறுத்து 7 முதல் 14 நாள் வரை சாப்பிட வேண்டியிருக்கும். சரியான மருந்தென்றால் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் காய்ச்சல் இறங்கும். இறங்காவிட்டால் கல் அடைத்திருக்கிறதா, சீழ் கட்டியிருக்கிறதா என்று ஸ்கேன் எடுக்க வேண்டும். கல் அடைத்த சிறுநீரகத்தில் தொற்று சேர்ந்தால் மருந்து மட்டும் போதாது. தேங்கியதைக் குழாய் வைத்து வெளியேற்றினால்தான் உயிர் தப்பும்.

காய்ச்சலுக்கு பாராசிட்டமால் போதும். மிச்சம் இருக்கும் பொட்டலத்தைத் தூக்கிப் போடாமல் மருத்துவரிடம் கொண்டு போய்க் காட்டுங்கள்.

போன வருஷம் நீர்க்கடுப்புக்குக் கொடுத்த நைட்ரோஃபியூரன்டாயின் மிச்சம் இருக்கிறது. விலா வலிக்கும் அதையே சாப்பிடலாமா? (மௌல்மீன்)

கூடாது. அந்த மருந்து மூத்திரப் பையில் நன்றாக வேலை செய்யும். சிறுநீரகச் சதைக்குள் போதிய அளவு போய்ச் சேராது.

மகளுக்கு ஆறாம் மாதம். லேசாக எரிச்சல் மட்டும் இருக்கிறது. மருந்து சாப்பிட்டால் குழந்தைக்கு ஆகாது என்று மாமியார் சொல்கிறார்கள். (ரங்கூன்)

சம்பந்தியம்மாளின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் இங்கே மருந்தைவிட நோய்தான் குழந்தைக்கு ஆபத்து. கர்ப்பத்தில் ஹார்மோனால் சிறுநீரகத்திலிருந்து பைக்கு இறங்கும் குழாய்கள் தளர்ந்துபோகும், கருப்பையும் அழுத்தும், பெரும்பாலும் வலது பக்கம். மூத்திரம் தேங்கி, சின்னக் கடுப்பு சட்டென்று சிறுநீரகத்துக்கு ஏறிவிடும். அப்படி ஏறினால் குறைப்பிரசவம்கூட ஆகலாம். எரிச்சலே இல்லாமல் கிருமி மட்டும் தெரிந்தாலும் கர்ப்பிணிக்கு மருந்து கொடுக்கிறோம். செஃபலோஸ்போரின் வகை போன்ற பாதுகாப்பான மருந்துகள் உண்டு. சிப்ரோஃப்ளாக்சசின் தவிர்க்க வேண்டிய மருந்து, ஆகவே கடையில் நீங்களாக வாங்காதீர்கள். காய்ச்சல் வந்துவிட்டால் மருத்துவமனையில் படுக்க வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

அப்பாவுக்கு 71 வயது, சர்க்கரை உண்டு. காய்ச்சல் இல்லை, ஆனால் இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை, என்னைப் பார்த்து யார் என்று கேட்கிறார். (தவுங்கூ)

தம்பி, வயதானவர்களுக்குக் காய்ச்சலே வராமல், குழப்பம் மட்டும் முதலில் தெரிவதுண்டு. சர்க்கரை இறங்கினாலும் ஏறினாலும் இப்படி ஆகும், பக்கவாதத்திலும் ஆகும். உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள், இன்றே கொண்டு போங்கள். சர்க்கரை உள்ளவருக்குச் சிறுநீரகத் தொற்று வேகமாக முற்றும். சாப்பிடாமல் இருக்கும்போது மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைத் தொடரலாமா என்றும் கேளுங்கள். மூத்திரப் பைக்குக் கீழே இருக்கும் பிராஸ்டேட் சுரப்பி வீங்கி மூத்திரம் தேங்குகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

நேற்று தன்யின் தீக் கொட்டையை அவித்து, ஙப்பி என்ற மீன் விழுதோடு சாப்பிட்டேன். ராத்திரி இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து வலி, காலையில் மூத்திரம் சிவப்பு. காய்ச்சல் இல்லை. (தட்டோன்)

இது தொற்றாக இருக்க வாய்ப்புக் குறைவு. அந்தக் கொட்டையில் இருக்கும் ஓர் அமிலம் மூத்திரத்தில் ஊசி ஊசியாகப் படிந்து குழாயைக் கிழிக்கும், அடைக்கும். பத்து வருஷம் சாப்பிட்டு ஒன்றும் ஆகாதவருக்கும் ஒரு நாள் வரலாம். பச்சையாகச் சாப்பிட்டால் ஆபத்து அதிகம், அவித்தால் குறையுமே தவிரப் போகாது. மூத்திரம் தடையில்லாமல் போய்க்கொண்டிருக்கும் வரை நிறையத் தண்ணீர் குடியுங்கள், மருத்துவமனைக்குப் போய் என்ன சாப்பிட்டீர்கள் என்று முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள். பெரும்பாலோருக்குச் சில நாளில் சரியாகிவிடும். மூத்திரம் நின்றுவிட்டால் மட்டும் நிலைமை வேறு.

வாழைத்தண்டுச் சாறு, நெருஞ்சில் கஷாயம் போதாதா? (பெகு)

எரிச்சல் மட்டும் என்றால் வாழைத்தண்டுச் சாறும் பார்லித் தண்ணீரும் குடிக்கலாம், உள்ளே போகிற நீருக்காகவே நல்லது. காய்ச்சல் வந்தபின் அவற்றை நம்பி ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

லைங்தாயா தையல் ஆலையில் வேலை. கக்கூஸ் போக டோக்கன் வாங்க வேண்டும், அதனால் தண்ணீரே குடிப்பதில்லை. மூன்று மாதத்தில் இரண்டு முறை நீர்க்கடுப்பு வந்துவிட்டது. வரும் மாதம் பீலிக்கான் கோயிலுக்கு விரதமும் இருக்கிறேன். (ரங்கூன்)

அம்மா, தப்பு உங்களுடையது இல்லை. மூத்திரம் வெளியே போகும்போதுதான் கிருமியும் அடித்துக்கொண்டு போகும். அடக்கினால் அது பைக்குள்ளேயே பெருகுகிறது. வேலைக்கு ஏறும் முன் ஒரு முறை, சாப்பாட்டு நேரத்தில் ஒரு முறை, முடிந்ததும் ஒரு முறை, வந்தாலும் வராவிட்டாலும் போய்விடுங்கள். தண்ணீரை அந்த நேரங்களுக்குச் சற்று முன்பாகக் குடித்தால் நடுவில் டோக்கன் தேடும் அவசரம் குறையும். மூத்திரம் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதுமான அளவு குடிக்கிறீர்கள் என்று அர்த்தம். கணவரோடு இருந்தபின் உடனே மூத்திரம் போவதும், கழுவும்போது முன்னிருந்து பின்னாகக் கழுவுவதும் உதவும்.

விரதம் இருங்கள், ஆனால் தண்ணீரை விரதத்தில் சேர்க்காதீர்கள். இந்த வெயிலில் பூக்குழி வரிசையில் மணிக்கணக்காக நிற்கும்போது கையில் ஒரு பாட்டில் இருக்கட்டும். கல்ச்சர் முடிவோடு ஒரு முறை நேரில் வாருங்கள். அடிக்கடி கழிவறை போக அனுமதிக்கும்படி உங்கள் மேலாளருக்கு ஒரு மருத்துவச் சீட்டு எழுதித் தருகிறேன்.