மலையில் பயம்: கேள்வி பதில்

குன்னூரில் மனநல மருத்துவராகப் பணியாற்றுகிறேன். பயம் பற்றி நீலகிரி மக்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்.

தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் வழியில் அடிக்கடி காட்டெருமை நிற்கிறது. நான் திரும்பி வந்துவிடுகிறேன். வீட்டில் கோழை என்கிறார்கள். இந்தப் பயத்தை எப்படிப் போக்குவது? (கோத்தகிரி)

போக்கவே வேண்டாம் அம்மா. வளர்ந்த ஆண் காட்டெருமை 1,000 கிலோ வரை இருக்கும். அச்சம் பிறக்கும் இடங்கள் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கு என்கிறது தொல்காப்பியம். விலங்குக்கு அஞ்சுவதில் என்ன கோழைத்தனம்? ஆபத்தைக் கண்டதும், நீங்கள் யோசித்து முடிப்பதற்குள் மூளையின் அமிக்டலா என்ற சிறு பகுதி உடலை உசுப்பிவிடுகிறது. இதயம் வேகமெடுக்கிறது, தசைகளுக்கு ரத்தம் பாய்கிறது. ஓடாமல், கல்லெறியாமல், மெல்லப் பின்வாங்கி அது விலகிப்போக வழிவிடுங்கள். செல்போனில் படமெடுக்க அதன் அருகே போகிறவர்களை நினைத்துத்தான் நான் கவலைப்படுகிறேன்.

கல்லட்டி இறக்கத்தில் மெதுவாக ஓட்டினால் நண்பர்கள் கேலி செய்கிறார்கள். (உதகை)

36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள சாலை அது. ஏறும் கியரிலேயே இறங்குங்கள் தம்பி. கேலிக்காக வேகத்தைக் கூட்டாதீர்கள்.

2009 நவம்பர் மண்சரிவில் பக்கத்து வீடு புதைந்தது. இன்றும் தகரக் கூரையில் கனமழை விழுந்தால் எனக்கு மூச்சு முட்டுகிறது. இத்தனை ஆண்டுக்குப் பிறகுமா? (குன்னூர்)

ஆமாம், இத்தனை ஆண்டுக்குப் பிறகும் வரும். அந்த மழையில் மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். மழைச் சத்தத்தையும் மரணத்தையும் உங்கள் உடல் அன்று ஒன்றாக முடிச்சுப் போட்டுவிட்டது.

உங்கள் பயத்தில் பாதி நியாயமானது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஆகவே "ஒன்றும் ஆகாது" என்று உங்களை நீங்களே ஏமாற்ற வேண்டாம். சரிவில் புதிய விரிசல், மரமோ மின்கம்பமோ சாய்வது, இதுவரை ஊறாத இடத்தில் கலங்கல் நீர் வருவது, கதவு திடீரென இறுகுவது: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே வெளியேறுங்கள். யார் வீட்டுக்குப் போவது என்று மழைக்காலத்துக்கு முன்பே பேசி வையுங்கள். ரேஷன் கார்டும் மருந்தும் ஒரு பையில் தயாராக இருக்கட்டும்.

மறுபாதிக்குத்தான் சிகிச்சை. தூறலுக்கே காதைப் பொத்திக்கொண்டால் பயம் வளரும். சாதாரண மழையில், துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு, மூச்சை நீளமாக வெளியே விட்டபடி சத்தத்தைக் கேட்டிருங்கள். தவிப்பு ஏறி, பிறகு தானாகத் தணிவதை உடல் உணர வேண்டும். நிலச்சரிவே கண்முன் மீண்டும் நடப்பதுபோல் தோன்றினால் தனியாக முயலாமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். எத்தனை ஆண்டு கழித்துத் தொடங்கினாலும் இந்தச் சிகிச்சை பலன் தரும்.

நர்சிங் படிக்கிறேன். ரத்தத்தைப் பார்த்தால் மயங்கி விழுகிறேன். படிப்பை விட்டுவிடலாமா? (உதகை)

விடாதீர்கள். மற்றப் பயங்களில் ரத்த அழுத்தம் ஏறும். ரத்தம், ஊசி பற்றிய பயத்தில் முதலில் ஏறிப் பிறகு சட்டென்று இறங்குகிறது. அதனால்தான் மயக்கம். இதற்கு "உடலைத் தளர்த்துங்கள்" என்ற வழக்கமான அறிவுரை உதவாது. கை, கால், வயிற்றுத் தசைகளை 10 முதல் 15 விநாடி இறுக்கி, முகம் சூடாவதை உணர்ந்ததும் விடுங்கள். அரை நிமிடம் கழித்து மறுபடியும் செய்யுங்கள். தினமும் பழகிக்கொண்டு, முதலில் படங்களையும் பிறகு நேரிலும் பாருங்கள்.

யானை வீட்டுச் சுவரை இடித்ததிலிருந்து எட்டு வயது மகன் பகலில்கூடக் கழிப்பறைக்குத் தனியாகப் போவதில்லை. (கூடலூர்)

அவனைத் திட்டாதீர்கள். "யானை வரும்" என்று மிரட்டிச் சோறூட்டவும் வேண்டாம். இரவில் துணைக்குப் போவது எப்போதும் தொடரட்டும். பகலில் மட்டும் இன்று கழிப்பறை வாசல்வரை, சில நாள் கழித்துப் பாதி வழிவரை, பிறகு வீட்டுப் படியில் நில்லுங்கள். அடுத்த இடத்தை அவனே சொல்லட்டும். ஒரு மாதத்துக்குப் பிறகும் கெட்ட கனவும் தூக்கமின்மையும் தொடர்ந்தால் அழைத்து வாருங்கள்.

நள்ளிரவில் காரணமில்லாமல் நெஞ்சு படபடத்து, செத்துவிடுவேன் என்று தோன்றுகிறது. (மஞ்சூர்)

முதலில் ஈசிஜியும் தைராய்டு பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். நெஞ்சுவலி இருந்தால் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பரிசோதனையில் குறை ஏதும் இல்லையென்றால் இது பீதித் தாக்குதலாக இருக்கலாம்; பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டு இறங்கிவிடும், குணப்படுத்தவும் முடியும். இரவில் பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸை 14416 என்ற இலவச எண்ணில் அழையுங்கள். தமிழிலேயே பேசலாம்.