வெப்பம் கூடினால் ஆற்றுப்படுகையில் ஆவியுயிர்ப்பு என்னாகும்?

மண்ணிலும் நீர்நிலைகளிலும் இருந்து ஆவியாகும் நீரும், செடிகள் இலைத்துளை வழியே வெளிவிடும் நீரும் சேர்ந்ததுதான் ஆவியுயிர்ப்பு. நிலத்தில் பெய்யும் மழையில், உலக அளவில் பாதிக்கு மேல் இப்படித்தான் காற்றுக்குத் திரும்புகிறது. மிச்சம்தான் ஆற்றுக்கும் நிலத்தடிக்கும்.

காற்று 1 டிகிரி செல்சியஸ் சூடேறினால் சுமார் 7% கூடுதல் நீராவியைத் தாங்கும். அந்த அளவுக்கு ஈரம் வந்து சேராவிட்டால், மண்ணிலிருந்தும் இலைகளிலிருந்தும் அதிகமாக இழுக்கும். வெயில் நாளில் கொடியில் போட்ட துணி சீக்கிரம் காய்கிறதே, அதேபோலத்தான். மழை குறையாமலே ஆற்றில் நீர் குறைய இது போதும். கார்பன் டை ஆக்சைடு கூடும்போது பல செடிகள் இலைத்துளைகளைச் சற்று மூடிக்கொள்வதும் உண்டு. அது கொஞ்சம் ஈடுகட்டும், அவ்வளவுதான்.

சரி, சூடு ஏற ஏற ஆவியுயிர்ப்பும் ஏறிக்கொண்டே போகுமா? பலர் அப்படி நினைக்கிறார்கள். ஆனால் மண் வறண்டுவிட்டால், காற்று எவ்வளவு இழுத்தாலும் ஆவியாக நீர் இருக்காது.