குடியிருந்தவர் செய்த சேதத்துக்கு எவ்வளவு பிடிக்கலாம்?

கேள்வி: நான்கு வருடம் வாடகைக்கு இருந்தவர் போன வாரம் காலி செய்தார். சுவர் மங்கி, அங்கங்கே ஆணி ஓட்டை. படுக்கையறைக் கதவில் நாய் பிறாண்டிய ஆழமான கீறல்கள். வாஷ்பேசினின் ஓரம் உடைந்திருக்கிறது. சமையல் மேடைக் கல்லில் விரிசல். முழு வீட்டுக்கும் பெயின்ட் அடித்து, இவற்றையெல்லாம் மாற்றும் செலவை முன்பணத்தில் கழித்துக்கொள்ளலாமா?

பதில்: கதவுக்கும் பேசினுக்கும் ஓரளவு கழிக்கலாம். பெயின்ட் செலவை அவர் தலையில் கட்டாதீர்கள்.

ஆட்கள் புழங்கும் வீட்டில் சுவர் மங்கத்தான் செய்யும். படம் மாட்டிய ஆணி ஓட்டை, சுவிட்சைச் சுற்றிக் கைபட்ட கறை, தளர்ந்த கீல் எல்லாமே தேய்மானம். அதற்கும் சேர்த்துத்தான் மாதாமாதம் வாடகை வாங்கினீர்கள். கதவுக் கீறலும் உடைந்த பேசினும் அப்படியல்ல. கொஞ்சம் கவனமாக இருந்திருந்தால் தவிர்த்திருக்கலாம்.

சரி, சேதம்தான் என்றாலும் புதுக் கதவின் விலையைக் கேட்க முடியாது. நீங்கள் இழந்தது பழைய கதவைத்தானே? 20 வருடம் உழைக்கக்கூடிய கதவு 10 வருடப் பழசு என்றால் பாதி விலைதான் நியாயம். பட்டி வைத்துத் தேய்த்து பாலிஷ் போட்டாலே சரியாகிவிடும் என்றால், அந்தக் கூலியும் பொருள் செலவும் மட்டும். மற்ற கதவுகளோடு நிறம் ஒத்துப்போகவில்லை என்று எல்லாவற்றையும் மாற்றி அவரிடம் பில் நீட்டினால் எடுபடாது. பெயின்ட்டுக்கும் இதே கணக்குதான். 5 வருடம் தாங்கும் பெயின்ட்டில் 4 வருடம் ஓடிவிட்டது. அவர் சுவரைக் கிறுக்கிப் பாழாக்கியிருந்தால்கூட ஐந்தில் ஒரு பங்குதான் கேட்கலாம்.

மேடை விரிசலில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. அடுப்புக்காகக் கல்லை வெட்டிய மூலையிலிருந்து அது கிளம்பியிருக்கிறதா என்று பாருங்கள். அடியில் தாங்கல் சரியில்லாவிட்டால் கல் அப்படி விரிசல் விடுவதுண்டு. விவரம் தெரிந்த கொத்தனாரிடம் காட்டாமல் அவர்மேல் பழி போட வேண்டாம்.

அப்புறம், ஆதாரம். அவர் குடிவந்த நாளில் எடுத்த படமோ, இருவரும் கையெழுத்திட்ட பொருள் பட்டியலோ இருக்கிறதா? கீறல் முன்பே இருந்தது என்று அவர் சொல்லிவிட்டால், இவை இல்லாமல் மறுப்பது கஷ்டம். சரிசெய்வதற்கு முன்பே படம் எடுத்துவிடுங்கள். முதலில் அறை முழுக்கத் தெரிகிற மாதிரி ஒன்று, அடுத்து உடைந்த இடத்தின் பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துக் கிட்டத்தில் ஒன்று. முடிந்தால் அவரையும் வரச்சொல்லிச் சேர்ந்தே பாருங்கள்.

கழிப்பதைத் தனித்தனியாக எழுதி, பில்லோடு அனுப்புங்கள். முன்பணம் அவருடைய பணம். மீதியை ஒப்பந்தமும் உங்கள் ஊர்ச் சட்டமும் சொல்லும் கெடுவுக்குள் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சேதம் முன்பணத்தைத் தாண்டினால் மிச்சத்தை எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் சமரசம், அதிலும் முடியாவிட்டால் நீதிமன்றம்.

கேள்வி: சிங்க் குழாய் ஒழுகியதில் அடியிலிருந்த அலமாரி உப்பிவிட்டது. குடியிருந்தவர் பொறுப்பா?

பதில்: பழசாகிப்போன குழாய் ஒழுகுவது அவர் தவறல்ல, அதை மாற்றுவது உங்கள் செலவு. ஆனால் கண்ணால் பார்த்தும் மாதக்கணக்கில் சொல்லாமல் இருந்திருந்தால், அலமாரிக்கு அதன் வயதைக் கழித்து அவரிடம் கேட்கலாம். ஒழுகுகிறது என்று அவர் செய்தி அனுப்பி நீங்கள் ஆள் அனுப்பாமல் விட்டிருந்தால், அலமாரியும் உங்கள் செலவுதான்.