மழையில் அணையும் டைனமோ விளக்கு: எதை வாங்குவது?

சைக்கிளின் டைனமோ விளக்கு மழையில் அணைகிறது, எதை வாங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். ஆண்டு முழுக்க, மழையிலும் வேலைக்குப் போக வர என்றால் முன்சக்கர ஹப் டைனமோவே, அதாவது சக்கரத்தின் நடுக்குடத்துக்குள்ளேயே இருக்கும் டைனமோவே வாங்குங்கள். டயரில் உரசும் பாட்டில் டைனமோ உலர்ந்த சாலைக்குத்தான் சரி.

மழை பிடித்ததும் விளக்கு மினுக்கி அணைகிறது என்கிறீர்கள். பெரும்பாலும் ஈர டயரில் பாட்டில் டைனமோவின் உருளை வழுக்குகிறது. டைனமோ இருக்கும் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து, டயரில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிச் சுற்றிப் பாருங்கள். சக்கரம் ஓடியும் உருளை விட்டுவிட்டுச் சுற்றினால் அதுதான் காரணம்.

உருளை ஒழுங்காகச் சுற்றியும் வெளிச்சம் இல்லையா? ஒற்றை வயர் டைனமோவுக்கு எர்த், அதாவது மின்சாரம் திரும்பும் வழி, ஃபிரேம் மூலமாகத்தான் கிடைக்கும். டைனமோவை ஃபிரேமில் பிடித்திருக்கும் கிளாம்பின் கூர்த்திருகு பெயின்டைக் கீறி இரும்பைத் தொட வேண்டும். என் வண்டியில் அந்த இடத்தில் துரு. உப்புத்தாளால் தேய்த்ததும் விளக்கு பளிச்சென்று எரிந்தது. இது போதுமானால் இப்போதைக்குச் செலவே வேண்டாம்.

விளக்கு வாங்கும்போது, வண்டி நின்ற பிறகும் சில நிமிடம் எரிய, மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டர் உள்ளதாகக் கேளுங்கள், முக்கியமாகப் பின்விளக்கு. இருட்டில் சிக்னலில் நிற்கும்போது பின்னால் வரும் லாரிக்கு நீங்கள் தெரிய வேண்டும். வெளிச்சத்தின் அளவைச் சொல்லும் லூமன் கணக்கைவிட எனக்கு அதுதான் பெரிது. அப்புறம், எதிரே வருபவர் கண் கூசாமல் ஒளி சாலையில் விழ வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: ஹப் மாற்றினால் சக்கரத்துக்கே புதிதாக ஆரக்கம்பி கோக்க வேண்டும். ரிம்மில் எத்தனை துளை என்று முதலில் எண்ணுங்கள். ஹப் தருவது 6 வோல்ட், 3 வாட் ஏ.சி. மின்சாரம். பேட்டரி விளக்கை அதில் நேராக இணைக்காதீர்கள், டைனமோவுக்கென்றே செய்த எல்.இ.டி. விளக்குதான் வேண்டும்.