சிங்கப்பூரில் கார் பெயிண்ட் கீறலைச் சரிசெய்ய நம்பகமான பட்டறை எது?

கதவில் கீறல் விழுந்திருக்கிறது, ஏமாற்றாத கடையின் பெயர் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு பெயரைச் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. இன்று அருமையாக அடிக்கும் பெயிண்டர் நாளைக்கே வேலை பெர்மிட் முடிந்து ஊருக்குப் போய்விடுவார். போர்டு மட்டும் அப்படியே இருக்கும். சின் மிங், காக்கி புக்கிட், ஊபி என்று போனால் வரிசையாகப் பட்டறைகள்தான். உங்கள் கீறலை அவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள்.

என் வண்டி பேர்ல் ஒயிட். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பல மாடிக் கார் நிறுத்துமிடத்தில் யாரோ பின்கதவில் உரசிவிட்டுப் போய்விட்டார்கள். முதலில் போன கடையில் நான் வண்டியை விட்டு இறங்குவதற்குள் விலை சொன்னார்கள். கையால் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. வேலை முடிந்து எடுத்தபோது டியூப்லைட் வெளிச்சத்தில் எல்லாம் சரியாகத் தெரிந்தது. மறுநாள் வெயிலில் பார்த்தால் பின்கதவு ஒரு வெள்ளை, மற்றதெல்லாம் வேறு வெள்ளை. கதவோர ரப்பர் பீடிங்கை விலக்கினால், டேப் ஒட்டிய இடத்தில் பெயிண்ட் கோடாக நிற்கிறது. நகம் பட்டாலே உரிகிறது. திருப்பிக் கொண்டுபோனதற்கு, “கலர் நம்பர் சரியாகத்தான் போட்டோம், உங்க வண்டிதான் வெயில்ல மங்கிடுச்சு” என்று பதில்.

கலர் நம்பர் சரியாக இருந்தால் மட்டும் போதாது. பேர்ல் நிறத்தில் அடிநிறம், நடுவில் பேர்ல், மேலே நிறமில்லாத கிளியர் கோட் என்று மூன்று பூச்சு. நடுப்பூச்சு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் நிறம் மாறிவிடும். வேலை தெரிந்தவர்கள் ஒரு தகட்டில் அடித்து, வெயிலில் வண்டியின் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள். பக்கத்துப் பாகம் வரைக்கும் நிறத்தை இழுத்துக் கலந்துவிடுவார்கள். இதையெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தவர் இரண்டாவது கடையில் இருந்த பட்டுக்கோட்டைத் தம்பி.

அந்தக் கடை முதலாளி ஒரு சீன அங்கிள். துணியால் துடைத்துவிட்டு, கீறலின் குறுக்கே நகத்தை இழுத்துப் பார்த்தார். கதவைத் திரும்ப அடித்தே ஆக வேண்டும் என்றார். பம்பர் கீறலையும் சேர்த்து அடித்துவிடுங்கள் என்றேன், மறுத்துவிட்டார். தம்பி விளக்கினார்: “அண்ணே, பம்பர்ல நகம் மாட்டல பாருங்க. கிளியர் கோட்லதான் இருக்கு. பாலிஷ் போட்டா போயிடும், எதுக்கு வீண் செலவு?” வர வேண்டிய காசை வேண்டாம் என்கிறவர், வாங்கிய காசுக்கு ஒழுங்காகச் செய்வார் என்று நம்பி வண்டியை விட்டேன். அப்படித்தான் செய்தார். ஆனால் பாலிஷும் அடிக்கடி போடக்கூடாது. கிளியர் கோட் சுமார் 40, 50 மைக்ரான்தான், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேயும்.

காரை விற்ற ஏஜென்ட்டிடமே போகலாமே என்று சிலர் எழுதுவார்கள். போகலாம், தப்பில்லை, கட்டணம் அதிகம். காப்புறுதியில் கேட்கலாமே என்பார்கள். கிளெய்ம் போடாததற்காகக் கிடைக்கும் தள்ளுபடி (NCD) 50 சதவீதத்தில் இருப்பவர், அதற்குப் பாதுகாப்பு எடுக்காமல் ஒரு கிளெய்ம் போட்டால் வழக்கமாக 20க்கு இறங்கிவிடும். சின்னக் கீறலுக்கு அது கட்டாது. கிளெய்ம் போடாவிட்டாலும், விபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் அல்லது அடுத்த வேலைநாளுக்குள் காப்புறுதி நிறுவனத்திடம் சொல்லிவிடுங்கள். கார் வைத்திருப்பதே ஆடம்பரம் என்று சொல்ல வருபவர்களுக்கு: நான் அம்மாவைச் சக்கர நாற்காலியோடு டயாலிசிஸுக்கு அழைத்துப் போகிறேன்.

உரசிவிட்டு ஓடுகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கார் நிறுத்துமிடக் கட்டத்தின் அகலம் 2.4 மீட்டர். டொயோட்டா ஆல்ஃபார்ட் மாதிரி பெரிய வண்டி 1.85 மீட்டர். இரண்டு பக்கமும் சேர்த்தே 55 சென்டிமீட்டர்தான் மிச்சம். கதவு படத்தான் செய்யும், புரிகிறது. வைப்பரில் ஒரு துண்டுச் சீட்டு செருகக்கூடவா நேரமில்லை? சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டியைக் கார்களுக்கு நடுவே விட்டுவிட்டு மின்தூக்கியில் ஏறிப் போகிறவர்களையும் தினம் பார்க்கிறேன். மனசு ஆறவில்லை.

சரி, உங்கள் கதவுக்கு வருகிறேன். எத்தனை பூச்சு, பக்கத்துப் பாகம் சேருமா, உரிந்தால் எத்தனை மாதம் பொறுப்பு என்பதை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். வண்டியைப் பகலில் எடுங்கள், வெளியே தள்ளி நிறுத்திப் பார்த்த பிறகே மீதிப் பணம் கொடுங்கள். தகராறு வந்தால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரை, 2 ஆண்டுக்குள் போகலாம். வக்கீல் தேவையில்லை, அந்த வாட்ஸ்அப் செய்திகளை ஆதாரமாகக் காட்டலாம்.