லசோட்டா போட்டும் கோழி சாவது ஏன்? – கடிதம்

அன்புள்ள ஐயா,

நாமக்கல் பக்கம் சின்னதாக பிராய்லர் பண்ணை வைத்திருக்கிறேன். ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சலுக்கான லசோட்டா தடுப்பு மருந்து போட்டும் இந்த பேட்ச்சில் வெள்ளைக்கழிச்சல் வந்து பாதி போய்விட்டது. வைரஸ் கோழியின் எதிர்ப்புச் சக்திக்கு எப்படித் தப்புகிறது? நாட்டுக்கோழிக்கு வராதாமே? தடுப்பு மருந்தே வெறும் வியாபாரம் என்கிறார் மாமா.

செல்வம்

அன்புள்ள செல்வம்,

பாதி பேட்ச் என்றால் பெரிய அடி, படித்ததும் மனசு கனத்துவிட்டது. மாமாவை விடுங்கள். நாட்டுக்கோழிக்கும் கழிச்சல் வரும், பிப்ரவரியில் ஊர் ஊராகத் தடுப்பூசி முகாம் போடுவதே அதற்குத்தான்.

வைரஸ் புகுந்த செல் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தைச் சுரக்கும், அது மற்ற செல்களை உஷார்ப்படுத்தும். கழிச்சல் வைரஸின் ‘வி’ புரதம் அந்த வேலையை முடக்கிவிடும். சரி, அது இருக்கட்டும். நான் சில நாட்களாக நினைத்துக்கொண்டிருப்பது கும்போரோ என்ற இன்னொரு கோழி நோயை. அமெரிக்காவின் டெலவேரில் அந்தப் பெயர் கொண்ட ஊர்ப்பக்கம் கண்ட நோய், 1962-இல் பதிவானது. அந்த வைரஸுக்கு ஒளிய வேண்டிய தேவையே இல்லை, எச்சவாய்க்கு மேலே இருக்கும் பர்சா என்ற சின்னப் பைக்குள் போய் எதிர்ப்பொருள் சுரக்க வேண்டிய பி செல்களையே அழித்துவிடும். மூன்று வாரத்துக்குள் தொற்றினால் வெளியே ஒன்றும் தெரியாமல்கூடப் போகலாம், ஆனால் அதற்கப்புறம் நீங்கள் எந்தத் தடுப்பு மருந்து போட்டாலும் குஞ்சுக்குச் சரியாகப் பிடிக்காது.

என் அத்தை கோழி வளர்த்தாள். ஒரு கோடையில் குஞ்சுகள் வரிசையாகச் செத்தபோது சொந்தக்காரர்கள் அவளுக்குக் கைராசி இல்லை என்றார்கள், மருந்தைச் சரியாகப் போட்டிருக்க மாட்டாள் என்றார்கள். கால்நடை மருத்துவர் வந்து ஒரு குஞ்சை அறுத்துக் காட்டினார்: பர்சா வீங்கி, மேலே மஞ்சளாக ஜவ்வு, தொடைக்கறியில் ரத்தத் திட்டுகள். அத்தை அப்போதுதான் அழுதாள். அதற்கப்புறம் அவள் கோழியே வளர்க்கவில்லை. அந்தப் பேச்சுப் பேசியவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

அதனால்தான் உங்களிடமும் கோபம் வருகிறது. பாதி பேட்ச் செத்திருக்கிறது, ஒன்றையாவது அறுத்துப் பார்த்தீர்களா? கும்போரோவிலும் எச்சம் வெள்ளையாக, தண்ணியாகத்தான் போகும். எச்சத்தைப் பார்த்து நோய்க்குப் பெயர் வைத்துவிட்டு மருந்தைத் திட்டுவது என்ன நியாயம்? கும்போரோ தடுப்பு மருந்தை எந்த நாளில் கொடுத்தீர்கள்? தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் குஞ்சில் நிறைய இருக்கும்போது கொடுத்தால் அது மருந்தையே அழித்துவிடும், தாமதித்தால் கூளத்தில் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும் வைரஸ் முந்திக்கொள்ளும். குடிதண்ணீரில் குளோரின் இருந்ததா? இருந்தால் மருந்தில் உள்ள உயிர் வைரஸ் அதிலேயே செத்திருக்கும்.

இனி ஒன்று செத்தால் அன்றைக்கே நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துப் போங்கள். அங்கே என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.