சந்தா நோட்டோடு வந்தவர்

அன்புள்ள அண்ணா,

ஸ்தோத்திரம். நான் பிறந்து வளர்ந்தது ஆரணியில், சி.எஸ்.ஐ. சபையில். கல்யாணமாகி காட்பாடிக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. இவர்கள் குடும்பம் மெதடிஸ்டு. எங்கள் வீட்டில் ஞாயிறு ஆராதனைக்குப் போய் வந்தால் அந்த வாரத்துக் கடமை முடிந்தது. இங்கே செவ்வாய் பெண்கள் கூட்டம், புதன் தெருவில் யாராவது ஒருவர் வீட்டில் ஜெபக்கூட்டம், வெள்ளி உபவாசம், சனி பாட்டுப் பயிற்சி. நான் வேலைக்குப் போகிறவள். ஒன்றை விட்டாலும் "இன்னாம்மா, போன வாரம் காணோமே?" என்கிறார்கள்.

போன மாதம் மாமியார் இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து படுக்கையில் இருந்தார். சபையிலிருந்து ஒருவர் வந்தார். ஆறுதலாக இருந்தது. இரண்டு நிமிஷம் ஜெபித்தார். பிறகு பையிலிருந்து சபைச் சந்தா நோட்டை எடுத்து, மூன்று மாதம் பாக்கி என்றார். கொடுத்து அனுப்பிவிட்டேன். அன்றிலிருந்து கோயிலுக்குப் போகவே மனம் வரவில்லை. ஐக்கியம் ஐக்கியம் என்று வாய் நிறையச் சொல்கிறார்களே, கடைசியில் அது வசூல்தானா?

(பெயர் வேண்டாம்), காட்பாடி.

அன்புள்ள தங்கைக்கு,

அந்த மனிதர் செய்தது தப்பு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் நான் சந்தா நோட்டுக்காகக் கொஞ்சம் வாதாடப் போகிறேன்.

நீங்கள் கேட்கும் அந்த ஐக்கியம் வசூலில்தான் தொடங்கியது. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில், மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் ஆட்கள் கூடுவதற்கு ஓர் இடம் கட்டினார்கள். கடன் நின்றது. 1742 பிப்ரவரியில் அதை அடைப்பது எப்படி என்று உட்கார்ந்து பேசினார்கள். ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுத்தால் ஆயிற்று என்றார் கேப்டன் ஃபாய் என்பவர். அதுகூட முடியாத ஏழைகள் நம்மில் இருக்கிறார்களே என்று இன்னொருவர் சொன்னார். "அப்படியானால் இருப்பவர்களில் மிக ஏழைகளாகப் பதினொரு பேரை என் கணக்கில் விடுங்கள். வாரா வாரம் நான் போய்க் கேட்கிறேன். கொடுத்தால் சரி, கொடுக்காவிட்டால் அவர்களுக்கும் சேர்த்து நானே போடுகிறேன்" என்றார் ஃபாய். மற்றவர்களும் அதேபோல ஆட்களைப் பிரித்துக்கொண்டார்கள். பதினொன்றும் ஒன்றும் பன்னிரண்டு. மெதடிஸ்டு சபையின் சிறு குழு இப்படித்தான் பிறந்தது.

காசு கேட்டு வீடு வீடாகப் போனவர்களுக்கு வீட்டின் நிலைமை கண்ணில் பட்டது. ஒரு வீட்டில் குடி, ஒரு வீட்டில் அடிதடி, ஒரு வீட்டில் நோய். போனவர்கள் வந்து வெஸ்லியிடம் சொன்னார்கள். நெடுநாளாக நாம் தேடிக்கொண்டிருந்தது இதுதான் என்று அவர் பிடித்துக்கொண்டார். அடுத்த வருஷம், 1743இல், அவர் எழுதி வெளியிட்ட பொது விதிகளில் குழுத் தலைவரின் வேலை இது: வாரம் ஒருமுறையாவது தன் ஆட்கள் ஒவ்வொருவரையும் பார்த்து அவர்கள் ஆத்துமா எப்படி இருக்கிறது என்று விசாரிக்க வேண்டும், புத்தி சொல்ல, கண்டிக்க, தேற்ற வேண்டும், ஏழைகளுக்காக அவர்கள் மனமுவந்து கொடுப்பதை வாங்கிக்கொள்ள வேண்டும். முதலில் விசாரிப்பு, அப்புறம் காசு. உங்கள் வீட்டுக்கு வந்தவர் இரண்டாவதை மட்டும் செய்துவிட்டுப் போனார். இரண்டு நிமிஷ ஜெபத்தை விசாரிப்பாகக் கணக்கில் எடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. ஜெபம் ஆண்டவரிடம் பேசுவது. உங்கள் மாமியாரிடம் அவர் பேசினாரா?

இந்த ஏற்பாட்டுக்கு நடைமுறைக் காரணமும் இருந்தது. வெஸ்லியும் அவருடைய பிரசங்கிகளும் குதிரைமேல் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டே இருந்தவர்கள். பிரசங்கி போய்விடுவார், ஜனங்கள் இருப்பார்கள். இன்றும் மெதடிஸ்டு போதகரை எந்தச் சபைக்கு அனுப்புவது என்பதைப் பேராயர் வருடாந்தர மாநாட்டில் அறிவிக்கிறார். உங்கள் போதகர் உங்கள் பெயர்களைக் கற்று முடிப்பதற்குள் மாற்றல் வந்துவிடலாம். ஆகவே யார் வீட்டில் யாருக்கு இடுப்பு ஒடிந்தது என்பது உள்ளூர்க்காரர் நாலு பேருக்குத்தான் நிலையாகத் தெரிந்திருக்கும். "போன வாரம் காணோமே" என்ற அந்தத் தொல்லை இதிலிருந்து வருவதுதான். (ஆரணியிலும் உங்களுக்கு அது இருந்திருக்கும், அப்போது அம்மா பதில் சொல்லியிருப்பார்.)

ஆரணியோடு ஒப்பிட்டு எழுதியிருந்ததால் ஒன்று. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சி.எஸ்.ஐ., உருவானபோது பிரிட்டிஷ் மெதடிஸ்டுகளும் அதில் சேர்ந்தார்கள். அமெரிக்க மெதடிஸ்டு வழியில் வந்தவர்கள் சேரவில்லை. அவர்கள்தான் 1981 முதல் இந்திய மெதடிஸ்டு திருச்சபை. நம் வட ஆற்காட்டில் சி.எஸ்.ஐ. சபைகளில் பெரும்பாலானவை அமெரிக்க மிஷனரிகளான ஸ்கடர் குடும்பத்தாரின் ஆற்காட்டு மிஷன் நட்டவை, அது வேறு மரபு. அதனால் இங்கே மெதடிஸ்டுகள் சிறுபான்மைக்குள் சிறுபான்மை. அடிக்கடி கூடுவதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

இனி என் வீட்டுக் கதை. என் அம்மாவின் பக்கம் மெதடிஸ்டு. ராணிப்பேட்டையில் நாங்கள் இருந்த தெருவுக்குப் பொறுப்பாக ஒரு பெரியம்மா இருந்தார். உறவில்லை, எல்லோருக்குமே பெரியம்மா. ஜவுளிக்கடை மஞ்சள் பைக்குள் பைபிள், கீர்த்தனைப் புத்தகம், நோட்டு. வருவார், திண்ணையில் உட்காருவார், தண்ணீர் கேட்பார். "உடம்பு எப்படி இருக்குது?" பிறகு, "மனசு எப்படி இருக்குது?" அந்த இரண்டாவது கேள்விக்கு அம்மா அடுக்களையிலிருந்து பதில் சொல்ல மாட்டார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்காருவார். நோட்டு வெளியே வர அரை மணி ஆகும். சில நாள் வராமலே போகும்.

1996இல் பாலாற்றுக் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த சமயம். அப்பா வேலை பார்த்த டேனரி (தோல் பதனிடும் ஆலை) மூடிக்கிடந்தது. நான்கு மாதம் சந்தா கொடுக்கவில்லை. வருஷக் கடைசியில் கணக்கு வாசித்தபோது எங்கள் பெயருக்கு நேரே பாக்கி இல்லை. பெரியம்மா தன் கைக்காசைப் போட்டு எழுதியிருந்தார்.

அம்மா நெகிழ்ந்து போயிருப்பார் என்று நினைப்பீர்கள். கொதித்துப் போனார். "உன்னை யாரு கேட்டா?" என்று கோயில் வாசலிலேயே கேட்டுவிட்டார். இரண்டு மாதம் பேச்சு இல்லை. திருவிருந்துக்கு முழங்கால் போடும்போதுகூட நடுவில் ஆள் விட்டுத்தான் போட்டார்கள். பதினைந்து வயதில் எனக்கு அம்மாமேல்தான் கோபம். இப்போது அப்படி இல்லை. ஃபாயின் பதினொரு பேரும் அவரிடம் என்ன சொன்னார்கள் என்று எங்கும் படித்ததில்லை. கொடுப்பவர் பக்கத்துக் கதைதான் நம் கைக்கு வந்திருக்கிறது.

அம்மா அந்தக் கடனைப் பிடி அரிசியில் தீர்த்தார். உங்களுக்குத் தெரியாததல்ல, உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப்பானையில் போட்டு, சேர்ந்ததைக் கோயிலுக்குக் கொண்டுபோவது. வாரம் ஒரு பென்னிக்கு நம் ஊரில் ஒரு தங்கை உண்டென்றால் அது இந்தப் பிடி அரிசிதான். பானை நிறைந்த அன்று அம்மா அதைக் கோயிலுக்கு எடுத்துப்போகாமல் நேராகப் பெரியம்மா வீட்டில் கொண்டுபோய் வைத்தார். அங்கே என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குச் சொல்லவில்லை. புதன்கிழமை கூட்டம் எங்கள் வீட்டில் நடந்தது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். புதன்கிழமைக் கூட்டம் எந்தெந்த வீட்டில் நடக்கிறது, எந்த வீட்டில் நடப்பதே இல்லை என்று மூன்று மாதம் கவனியுங்கள். ஜெபம் முடிந்ததும் தட்டில் டீ வரும். யாருக்கு அன்றைக்குப் பார்த்து வயிறு சரியில்லாமல் போகிறது, யார் "இப்பதான் குடிச்சிட்டு வந்தேன்" என்கிறார் என்று பாருங்கள். மொராவியர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரிடமிருந்து வெஸ்லி எடுத்துக்கொண்ட, சபையார் சேர்ந்து உண்ணும் அன்பின் விருந்தில் பெரிதாக ஒன்றும் கிடையாது, ரொட்டியும் தண்ணீரும்தான். 19ஆம் நூற்றாண்டில் மதுரையில் இருந்த அமெரிக்க மிஷன், சபையார் சாதியை விட்டார்களா என்று பார்க்க அப்படி ஒரு விருந்தைத்தான் வைத்தது. உட்காராமல் எழுந்து போனவர்கள் உண்டு. அந்தப் பரீட்சை நம் வீட்டுக் கூட்டங்களில் இன்னும் டீ டம்ளரில் நடக்கிறது. சந்தா நோட்டைவிட எனக்கு வலிப்பது இதுதான். கோயிலில் ஒரே பெஞ்சில் உட்காருவது சுலபம். அங்கே யாரும் டீ தருவதில்லை.

கூட்டங்களைப் பற்றி: நான்குக்கும் போய்த்தான் ஆக வேண்டும் என்பதில்லை. குரல் இல்லையென்றால் சனிக்கிழமையை விட்டுவிடலாம், இருந்தாலும் விடலாம். வெள்ளி உபவாசம் வேலைக்குப் போகிறவர்களுக்குச் சிரமம். பெண்கள் கூட்டம் உங்கள் விருப்பம். புதன்கிழமையை மட்டும் விடாதீர்கள். நான்கில் அந்தப் பழைய பன்னிரண்டு பேரின் சாயல் இருப்பது அதில்தான்.

அந்த நோட்டுக்காரர் மறுபடி வருவார், பாக்கி இருக்கிறதோ இல்லையோ. பணத்தை முதலிலேயே கொடுத்துவிடுங்கள், நோட்டு பைக்குள் போகட்டும். அப்புறம் டீ கொடுத்து, அவர் வீட்டில் எல்லோரும் எப்படி என்று நீங்கள் கேளுங்கள். நோட்டைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைகிறவரிடம் அதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். எப்படியும், அன்று அவர் நடந்துகொண்டது தப்பு என்று நேரில் சொல்லவும் அதற்குப் பிறகுதான் வாய் வரும்.

உங்கள் மாமியாருக்கு என் ஸ்தோத்திரம். அவர் எழுந்து நடமாடும்வரை புதன்கிழமைக் கூட்டத்தை அவர் கட்டிலருகே நடத்தச் சொல்லிப் பாருங்கள். அன்றைக்கு மட்டும் அரை லிட்டர் பால் கூட வாங்க வேண்டியிருக்கும்.

அன்புடன்.